குற்றக் கதையைக் கூடியிருந்து ஆடுதல்



முற்றத்திலே சிறுவர் நால்வர் கூடினால் கள்ளன் பொலிஸ் விளையாட்டுத் தொடங்குவதற்கு அதிக நேரம் செல்வதில்லை. யார் கள்ளன், யார் பொலிஸ் என்று பிரித்துக்கொண்டு ஓடத் தொடங்குவர். சற்று நேரத்தில் வழக்கும் தொடங்கும். "உன்னைத் தொட்டுவிட்டேன், நீ பிடிபட்டாய்" என்பான் ஒருவன். "என்னைத் தொடவில்லை, சட்டையிலேதான் பட்டது" என்பான் மற்றவன். தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமையால் ஆட்டம் அழுகையில் முடிதலும் உண்டு. இன்று நான் பேசப் புகுந்த விளையாட்டை, வளர்ந்தோர் மேசையைச் சுற்றியமர்ந்து ஆடும் கள்ளன் பொலிஸ் எனலாம். இதற்குத் தீர்ப்புச் சொல்ல ஒருவரும் சில பகடைகளும் உண்டு. ஓட்டம் இல்லை, பேச்சினாலேயே ஆடப்படுவது.

ஆங்கிலத்தில் இதனை 'ரோல் பிளேயிங் கேம்' என்பர். நான் பாத்திர விளையாட்டு என்றே சொல்லிச் செல்கின்றேன். நால்வர் அல்லது ஐவர் கூடுவர். அவருள் ஒருவர் கதையை நடத்துபவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துபவர் இடத்தையும் பொழுதையும் சூழலையும் விவரித்து, "இப்போது நீங்கள் என்ன செய்கின்றீர்கள்?" என்று வினவுவார். பாத்திரமேற்றவர் தம் செயலைச் சொல்வார். அச்செயல் பலிக்குமோ பலிக்காதோ என்ற ஐயம் எழுமிடத்தில் பகடை உருட்டப்படும். நாடகத்தை ஒத்ததுதான், ஆனால் எழுதிவைத்த வசனமும் இல்லை, பார்த்திருப்போரும் இல்லை. ஒரே மாலையில் முடியாது வாரந்தோறும் மாதக்கணக்கில் நீள்வதைத் தொடராட்டம் என்று சொல்லலாம்.

அமெரிக்காவிலே கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகை விளையாட்டுகளுக்கு வழிகாட்டியது. வாளும் மந்திரமும் பூதமும் புதையலுமே அதன் பொருள். குற்றக் கதை சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. 1981இல் வெளிவந்த 'கோல் ஒவ் குதுலு' ஆடுவோரைத் துப்புத் தேடுவோராக்கியது. அடுத்த ஆண்டில் வந்த 'காங்பஸ்டேர்ஸ்', லேக்பிரண்ட் சிற்றி என்னும் கற்பனை நகரத்திலே ஆடுவோரைக் கள்ளக்கூட்டத்தவராகவோ பொலிசாராகவோ செய்தியாளராகவோ தனியார் துப்பறிவாளராகவோ உலவவிட்டது.

காங்பஸ்டேர்ஸ் எடுத்துக்கொண்ட காலம் அமெரிக்க மதுவிலக்குக் காலம். என் நண்பர் நால்வருக்காக நான் நடத்திய தொடராட்டமும் அக்காலத்திலேயே நிகழ்ந்தது. குற்றக் கதை நடத்த விரும்புவோருக்கு அதனிலும் பொருத்தமான காலம் கிடைப்பது அரிது. மதுவிலக்கு 1920 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்து 1933 டிசம்பர் 5இல் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில், அயல்வீட்டுக்காரர் விரும்பிக் கேட்கும் ஒரு பொருளை விற்றலே குற்றமாயிருந்தது. ஆதலின் கள்ளன் ஊருக்குப் புறம்பே ஒளிந்திருக்கவில்லை. ஊரே அவனுக்கு வாடிக்கையாளர். டெற்றோயிற் நகருக்கும் கனடாவின் வின்சர் நகருக்கும் இடையே ஓடும் ஆறு ஒரு மைல் அகலமும் இல்லாதது. நம்மவர் பெருந்தொகையாக இன்று வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில்தான் அந்த வின்சர் உள்ளது. அங்கே விஸ்கி வடிப்பது சட்டப்படி நடந்தது. இரவிலே படகில் ஏற்றினால் இக்கரையில் அது களவுப் பொருள். மாரியில் ஆறு உறைந்துவிட்டால் பனிக்கட்டியின்மேல் மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றனர். பனிக்கட்டி உடைந்தால் வண்டியும் சரக்கும் ஆற்றுக்குள். இப்படியொரு காட்சியை வரலாறே எழுதித் தந்திருக்க, கதை நடத்துபவர் கற்பனையை வருத்த வேண்டியதில்லை.

சிக்காகோ நகரத்து அல் கபோனின் பெயரைக் கேளாதார் அரியர். 1929 பெப்ரவரி 14இல் ஒரு கராஜினுள்ளே எழுவர் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவருள் சிலர் பொலிஸ் உடை தரித்திருந்தனர். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கபோனைச் சிறைக்கு அனுப்பியது வருமானவரி வழக்கு. 1926இல் நடந்த சோதனை ஒன்றிலே கைப்பற்றப்பட்டுக் கவனிப்பாரின்றிக் கிடந்த கணக்குப் புத்தகங்களை வரி அதிகாரி பிராங்க் வில்சன் தேடியெடுத்தார். அவற்றை எழுதிய கணக்கப்பிள்ளை சாட்சியம் அளித்தார். ஜூரிமாரை விலைக்கு வாங்க முயற்சி நடக்கின்றது என அறிந்த நீதிபதி வில்கர்சன், விசாரணை தொடங்கும் வேளையில் வேறொரு மன்றத்து ஜூரிப் பட்டியலை மாற்றி அழைத்துக்கொண்டார். 1931 ஒக்டோபரில் பதினொரு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இவ்வரலாற்றை நான் இவ்வளவு விரிப்பதற்குக் காரணம் உண்டு. குற்றத் தொடராட்டத்தைத் திட்டமிடப் புகுவோர் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்குகின்றனர். கள்ளக்கூட்டம் உண்மையில் ஒரு வியாபாரம். அதற்கு லொறி வேண்டும், களஞ்சியம் வேண்டும், கண்ணை மூடிக்கொள்ளும் பொலிஸ்காரர் வேண்டும், கூட்டிக் கழித்துப் பார்க்கும் கணக்கப்பிள்ளை வேண்டும். இவருள் எவர் எதற்கு ஆசைப்படுகின்றார், எவருக்கு எவரிடம் அச்சம் என்று ஒரு தாளிலே குறித்துக்கொண்டால் திட்டத்தில் பாதி முடிந்துவிட்டது. முதல் வாரம் இன்னது, ஐந்தாம் வாரம் இன்னது, முடிவில் இன்னார் மடிவார் என்று கதை முழுவதையும் முன்னரே எழுதி வைப்பதை நான் விரும்புவதில்லை. விரும்புவதில்லை என்கின்றேனேயொழிய, ஒருமுறை நானும் எழுதி வைத்தவன்தான். அதனைப் பின்னர் சொல்கின்றேன்.

துப்புப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆட்டத்தின் இரண்டாம் வாரத்திலே ஒரு புகையிலைத் தகரத்துள் முக்கியமான முகவரிச் சீட்டு ஒன்றை ஒளித்து வைத்தேன். அதனைக் காண்பதற்குப் பகடை உருட்ட வேண்டும் என்றேன். நால்வரும் உருட்டினர், நால்வருக்கும் விழவில்லை. பின்பு இரண்டு மணி நேரம் அவர்கள் வெறும் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தனர். அந்த மாலை நாசமாயிற்று, பிழை என்னுடையது. துப்பறியும் கதையின் சுவை துப்பைக் கண்டெடுப்பதில் இல்லை, அதன் பொருளை ஆராய்வதில்தான் உள்ளது என்று கண்டவர் ரொபின் லோஸ் என்னும் விளையாட்டு ஆசிரியர். அவர் வகுத்த 'கம்ஷூ' என்னும் முறையிலே, தகுந்த திறமையுடையவர் தகுந்த இடத்தில் தேடினால் முக்கியத் துப்புக் கிடைத்தே தீரும். பகடைக்கு அங்கே இடமில்லை. ஜஸ்டின் அலெக்சாண்டர் என்பார் சொல்லும் வழி வேறு: ஆடுவோர் அறியவேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று துப்புகளை வைத்துவிடு என்கிறார். ஒன்றைத் தவறவிடுவர், ஒன்றைப் பிழையாகப் பொருள்கொள்வர், மூன்றாவதாயினும் கைகொடுக்கும். எங்கள் மேசையில் இவ்விரண்டையும் கலந்தே கையாண்டோம்.

ஆடுவோர் துப்பறிவாளராயன்றிக் கள்ளராய் இருக்கும்போது தோன்றும் இடைஞ்சல் வேறு வகையானது. வங்கியை உடைப்பது எப்படி என்று மூன்று மணி நேரம் ஆலோசிப்பர். உடைப்பதற்கு நேரம் இராது. 2017இல் ஜோன் ஹார்ப்பர் என்பவர் வெளியிட்ட 'பிளேட்ஸ் இன் த டார்க்' இதற்கு அழகான மருந்தொன்றைத் தருகின்றது. ஆலோசனையை விட்டுவிட்டு நேரே களவின் நடுவிலே கதையைத் தொடங்கிவிடு என்கின்றது அது. காவலன் எதிர்ப்பட்டால், "நேற்றே இவனைத் தவறணையிற் சந்தித்துக் காசு கொடுத்துவிட்டேன்" என்று ஆடுபவர் பின்னோக்கிச் சொல்லலாம். அதற்குரிய விலையை மட்டும் செலுத்த வேண்டும். இன்னும் ஒன்று: வரவிருக்கும் ஆபத்தை ஒரு வட்டமாக வரைந்து நான்கு அல்லது ஆறு அல்லது எட்டுக் கூறாக்கி, தவறு நேருந்தோறும் ஒரு கூற்றைக் கறுப்பாக்குவர். வட்டம் நிரம்பினால் பொலிஸ் கதவைத் தட்டும். மேசை நடுவிலே கிடக்கும் அந்தக் கடதாசி வட்டம் ஆடுவோரிடத்தில் உண்டாக்கும் பதற்றத்தை எந்த வருணனையாலும் நான் உண்டாக்கியதில்லை.

இவையெல்லாம் தொழில் நுட்பம். இனிச் சொல்லப்போவது அத்தனை இலகுவன்று.

குற்றத்தை விளையாட்டாக்கலாமா என்று கேட்போர் உளர். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆடுவோர் கள்ளராகும்போது கதையிலே எவரோ ஒருவர் அடிபடுகின்றார். அவருக்கு ஒரு பெயரும் கொடுக்காமல் விட்டுவிட்டால் விளையாட்டு வெறும் வீறாப்பாகிவிடும். பெயரும் முகமும் கொடுத்தாலோ, மேசையில் இருக்கும் எவருக்கு எந்த நினைவு எழும் என்று சொல்ல முடியாது. அனுபவமுள்ளோர் முதலாம் மாலை ஆடுவதில்லை, கூடிப் பேசுகின்றனர். எவை கதைக்குள் வரவே கூடாது, எவை நடந்தாலும் விவரிக்கலாகாது என்று உடன்பட்டுக்கொள்கின்றனர். குறுக்குக் கோடு இரண்டு கீறிய அட்டை ஒன்றை மேசை நடுவில் வைக்கும் வழக்கமும் உண்டு. ஜோன் ஸ்ராவ்ரோபூலஸ் என்பவரால் அது பரவியது. எவராவது அதனைத் தொட்டால் அக்காட்சி அவ்விடத்திலேயே விடப்படும். காரணம் கேட்கப்படமாட்டாது.

நாங்களும் முதலாம் மாலை பேசினோம். குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் காட்சி வேண்டாம் என்றோம். சித்திரவதை விவரிக்கப்படலாகாது என்றோம். எமக்குள் ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுத்தல் ஆகும் என்றோம். அட்டையையும் வைத்தோம். ஐந்தாம் வாரம், கூட்டத்தார் தெருவொன்றிலே கடை கடையாய்ச் சென்று காசு கேட்கும் காட்சி. பழைய ரொட்டிக் கடைக்காரராக நான் பேசினேன். கை நடுங்குவதாகவும், லாச்சியைத் திறந்து சில்லறையை எண்ணுவதாகவும் வருணித்தேன். ஆங்கிலக் கதை நூல்களிலே படித்த காட்சிதான். அதனைத் தமிழிலே சொல்லும்போது என் வாயில் வந்த சொல் கப்பம். நண்பர் ஒருவர் கையை நீட்டி அட்டையின்மேல் வைத்தார். நாம் காட்சியை விட்டோம், தேநீர் குடித்தோம். அவர் காரணம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இந்நாட்டிலே அச்சொல்லுக்கு எத்தனை கனம் என்பதை முதலாம் மாலையே நான் எண்ணியிருக்க வேண்டும்.

அவர் இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். அடுத்த வாரம் வந்தார். தம் பாத்திரம் இனிக் காசு பறிக்கச் செல்லாது, கூட்டத்தின் கணக்கப்பிள்ளையாக அலுவலகத்தில் இருக்கும் என்றார். அன்றுமுதல் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து உண்மையாகவே கணக்கு எழுதினார். விஸ்கிப் பெட்டி இத்தனை, பொலிஸ்காரருக்கு இவ்வளவு, இன்ன தெருவில் இன்ன கடைக்காரரிடமிருந்து இவ்வளவு. கடைக்காரரின் பெயர் நான் சொல்லியிராவிட்டால், "அவருக்குப் பெயர் என்ன?" என்று கேட்டு எழுதுவார். நான் தடுமாறி ஒவ்வொரு பெயராகக் கண்டுபிடித்தேன்.

பதினான்காம் வாரத்துக்கு நான் ஒரு பெருஞ்சண்டையை எழுதி வைத்திருந்தேன். ஆற்றங்கரைத் துறையிலே நள்ளிரவில் இரு கூட்டங்கள் மோதுவது; எட்டுப் பக்கம். ஆட்டம் தொடங்குமுன் அந்நண்பர் மடித்த சீட்டொன்றை என்னிடம் நீட்டினார். கணக்குப் புத்தகத்தை வரி அதிகாரிக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. மறுக்க எனக்கு அதிகாரம் இருந்தது. வழியிலே தபால் களவுபோயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் எட்டுப் பக்கமும் தப்பியிருக்கும். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினேன். துறைக்குச் சென்றவர்களை எதிர்க்கூட்டம் எதிர்கொள்ளவில்லை. கைது ஆணையுடன் அதிகாரிகள் நின்றனர்.

மற்றொரு நண்பருக்குக் கோபம் வந்தது. பாத்திரத்தின் கோபமன்று, அவருடையதே. "இத்தனை வாரம் ஒன்றாயிருந்து ஆடியதற்கு இதுவா?" என்றார். காட்டிக்கொடுத்தல் ஆகும் என்று முதலாம் மாலையே உடன்பட்டோம் என நான் நினைவூட்டத் தொடங்கினேன்; அது எவர் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை கொப்பியை விரித்து, கடைக்காரர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர், தெரு, தொகை. முழுவதையும் வாசித்து முடிக்கச் சில நிமிடங்கள் சென்றன. கோபித்தவர் நெடுநேரம் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பின்பு, "என் ஆள் நீதிமன்றத்திலே என்ன சொல்லவேண்டும் என்று யோசிக்க ஒரு கிழமை தாருங்கள்" என்றார்.

வழக்கு மூன்று வாரம் நடந்தது. ஜூரிமாரை அவர் விலைக்கு வாங்கப் பார்த்தார்; நான் வில்கர்சன் செய்ததையே செய்தேன். அந்த அப்பியாசக் கொப்பி இப்போது என்னிடம் உள்ளது. துறைச் சண்டைக்கு எழுதிய எட்டுப் பக்கங்களும் அதனுள்ளே மடித்து வைத்தபடி கிடக்கின்றன.