பெட்டிக்கு முன்னே பத்திரம்

(தோட்டக் குடும்பங்களுக்காக ஜார்ஜ் டவுனில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாம் கூடியிருக்கும் இப்பினாங்கு மாநகர் நம்மவர் வந்திறங்கிய வாயில். நம்மவருள் பலர் விடைபெற்றுச் சென்ற வாயிலும் இதுவே. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பின் 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அக்கப்பல் தீப்பற்றிய துயரத்திற்குப் பிறகு அந்தக் கப்பற் பயணம் முடிவுற்றது. அக்கப்பல்களின் மேல்தளத்தில் தகரப் பெட்டியோடும் பாய்ச் சுருளோடும் அமர்ந்து சென்றவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

இக்காலத்திலும் நாடு விட்டு நாடு குடிபெயர்வோர் நம்மிடையே உண்டு. பணி ஓய்வு பெற்றவர் தமிழ்நாட்டுச் சொந்த ஊரில் காலங்கழிக்க எண்ணுகிறார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கிறது. மகள் தமிழ்நாட்டில் வாழ்க்கைப்படுகிறாள். அப்போது எழும் வினாக்கள் சில. கட்டிலையும் அலமாரியையும் ஏற்றலாமா? மோட்டார் சைக்கிளைக் கொண்டு போகலாமா? பிள்ளைபோல் வளர்த்த நாயை என் செய்வது?

இவ்வினாக்களுக்கு விடை சொல்லவே வந்திருக்கிறோம். ஆயின் இவற்றுக்கெல்லாம் முன்னே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. நாம் எந்தப் பத்திரத்தோடு போகிறோம்? திரும்பி வர நேர்ந்தால் அப்பத்திரம் கதவைத் திறக்குமா? இவ்வினாவை ஏன் முதலில் வைக்கிறோம் என்பதற்கு நம் வரலாறே சான்று.

1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 1969 மே மாத நிகழ்வுகளுக்குப் பின் இவ்விதி நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் பல்லாண்டு உழைத்தவர்களின் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிறந்த தேதிக்குச் சான்றில்லை, விண்ணப்பம் எழுத அறிந்தவரில்லை, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் வேறு. இவற்றால் குடியுரிமைக்கு மனுச் செய்யாதிருந்தோர் ஏராளம். அக்காலத்தில் இந்தியா திரும்பிய தோட்டத் தொழிலாளர் சுமார் 60,000 பேர் என ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

அவர்களுள் பலரின் பிள்ளைகள் நிலை வேறாக இருந்தது. மெர்டேக்கா நாளாகிய 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்பு வரை இம்மண்ணில் பிறந்த பிள்ளை, பிறப்பினாலேயே குடிமகன் என்பது அரசியல் சட்டத்தின் விதி. அதன் பின் பிறந்த பிள்ளைக்கும், பெற்றோருள் ஒருவர் நிரந்தரவாசியாக இருப்பினும் அவ்வுரிமை இருந்தது. ஆகவே ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் உண்ட குடும்பத்தில், தந்தை அயல் நாட்டவர், மகன் இந்நாட்டுக் குடிமகன். பெற்றோர் கப்பலேறியபோது பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் பேணாது விட்டிருந்தால், அப்பிள்ளை இழந்தது ஒரு தாளையன்று, ஒரு நாட்டையே. மாட்டையும் கோழியையும் விற்று, தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டுவதில் செலவிட்ட கவலையில் ஒரு பங்கையேனும் அத்தாளுக்குச் செலவிட்டிருக்கலாம் என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. அவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எடுத்துச் சொல்ல அன்று ஆளில்லை. இன்று நாம் சொல்கிறோம்.

எனவே முதலில் பத்திரங்களைப் பார்ப்போம். குடும்பத்தார் ஒவ்வொருவரின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், ஊழியர் சேமநிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து, இங்கேயே இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். பெயரின் எழுத்து ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் இருந்தால், புறப்படுமுன் தேசியப் பதிவு இலாகாவில் கேட்டுச் சரி செய்துகொள்ளுங்கள். கடல் கடந்த பின் அது பெரும்பாடு.

இரண்டாவது, குடியுரிமை. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஒருமுறை துறந்தவர் மீண்டும் பெறுவது அரசாங்கத்தின் தனி அனுமதியின்பாற் பட்டது. குடியுரிமையைத் துறந்து வெளியேறுவோர் சேமநிதியை முழுமையாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அந்த ஒரு தொகையைக் கருதி அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டா. பணம் சில ஆண்டுகளில் கரையும். கையெழுத்து ஆயுள் முழுதும் நிற்கும்.

இந்தியாவில் நெடுநாள் தங்க விரும்பும் இந்திய வம்சாவளியினருக்கு 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' என்னும் அட்டையை அந்நாடு 2005இலிருந்து வழங்குகிறது. பெயரில் 'குடிமகன்' என்றிருந்தாலும் அது குடியுரிமை அன்று. வாழ்நாள் விசா என்று கொள்வதே பொருந்தும். அதை வைத்திருப்போர்க்கு அங்கே வாக்குரிமை இல்லை. விளைநிலம் வாங்கவும் முடியாது. 'ஊரில் இரண்டு ஏக்கர் வாங்கி உழுது வாழ்வேன்' என்னும் கனவோடு புறப்படுகிற பெரியவர்கள் இதை நன்கு மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

குடிபெயர்ந்த பின் அங்கே குழந்தை பிறந்தால், காலந்தாழ்த்தாமல் மலேசியத் தூதரகத்தில் பதியுங்கள். ஓராண்டுக்குள் பதிந்துவிடுவது நலம். சென்னையில் நமது துணைத் தூதரகம் உண்டு.

இனி வீட்டுச் சாமான்கள். பினாங்கிலிருந்து சரக்குகள் இப்போது பெரும்பாலும் பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தின் வழியே செல்கின்றன. கொள்கலனில் இடத்திற்கே காசு. பழைய மரக் கட்டிலின் விலையைவிட அதை ஏற்றி இறக்கும் செலவு மிகுதியாகலாம். குடி மாறி வருவோரின் பயன்படுத்திய சாமான்களுக்கு இந்தியச் சுங்கத்துறை வரிச் சலுகை அளிக்கிறது. அவர் எத்தனை காலம் வெளிநாட்டில் வாழ்ந்தார் என்பதைப் பொறுத்து அச்சலுகை கூடும், குறையும். ஆகவே பெட்டிக்கு எண் இட்டு, உள்ளிருக்கும் பொருள்களைப் பட்டியலிட்டு, விலையையும் உண்மையாக எழுதுங்கள். தைத்த துணி, பாத்திரம், குடும்பப் படம், தையல் இயந்திரம் ஆகியவை கொண்டு செல்லத் தக்கவை. அங்கே கடையில் எளிதாகக் கிடைப்பவற்றை இங்கேயே உறவினருக்குக் கொடுத்துவிடுவது நலம்.

வாகனத்தைப் பொறுத்தவரை நம் அறிவுரை சுருக்கமானது. இங்கேயே விற்றுவிடுங்கள். இந்தியாவின் பயணப் பொருட் சலுகையில் மோட்டார் வாகனம் அடங்காது. பழைய வண்டிக்கு விதிக்கும் வரி அதன் மதிப்பையே விஞ்சக்கூடும். சிங்கப்பூரிலேயே தங்கி வேலை செய்வோர் மலேசியப் பதிவெண் கொண்ட வண்டியை அங்கு ஓட்டுதல் விதிக்கு மாறு. தவணைக் கடன் தீராத வண்டி முழுதும் நமக்குச் சொந்தமானதன்று. கடன் கொடுத்த நிறுவனத்தின் அனுமதியின்றி அதை எல்லை தாண்டிக் கொண்டு போதல் குற்றமாகும். விற்கும்போதும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றம் முடிந்ததா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் பிறர் செய்த குற்றத்தின் தண்டனைச் சீட்டு நம் பெயருக்கு வரும்.

அடுத்து, வாயில்லாப் பிராணிகள். நாயையோ பூனையையோ எல்லை கடத்துவதற்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்வர். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க் கடி நோய் பரவியதையும், அதனால் இங்கே நாய்கள் கொல்லப்பட்ட வேதனையையும் நாம் மறக்கவில்லை. பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். அது பிரேசில் நாட்டுக் காட்டு மரம். ஆயினும் 1928இல் ஹென்றி ஃபோர்டு அந்நாட்டிலேயே தொடங்கிய 'ஃபோர்ட்லாந்தியா' ரப்பர்த் தோட்டம் தோல்வியில் முடிந்தது. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் மரங்களை அழித்ததே அதற்குப் பெருங்காரணம். 1945இல் அதைக் கைவிட்டனர். அந்நோயை நம் நாட்டுக்குள் விடாமல் காத்ததனால்தான் நாம் இன்றும் மரம் சீவுகிறோம். எல்லையில் நிகழும் சோதனை நம் சோற்றையும் காக்கிறது. நம் முன்னோரும் ஜெரஜாக் தீவில் தனிமைக் காவலில் இருந்து, நோயில்லை என்று உறுதியான பின்னரே கரையேற விடப்பட்டனர்.

நாயைக் கொண்டு போக விரும்புவோர் பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். வெறிநாய்க் கடி நோய்த் தடுப்பூசி, தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு, கால்நடை மருத்துவரின் நலச் சான்று, உரிய அரசு இலாகாவின் ஏற்றுமதி அனுமதி ஆகியவை தேவை. இந்தியாவும் முன்கூட்டியே தடையில்லாச் சான்று கேட்கிறது. குடி மாறி வருவோர் இரண்டு வளர்ப்புப் பிராணிகள் வரை கொண்டு செல்லலாம். சென்னையில் இதற்கான தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. சிங்கப்பூர் வீடமைப்பு வாரியக் குடியிருப்பிலோ அனுமதிக்கப்பட்ட இனத்து நாய் ஒன்று மட்டுமே வளர்க்கலாம். இயலாதெனில், புறப்படும் நாள் காலையில் அவிழ்த்து விட்டுச் செல்லாதீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே நல்லதொரு வீட்டைப் பார்த்து ஒப்படைத்து, பழக்கி விட்டுச் செல்லுங்கள். ஆள் போன பின்னும் பூட்டிய வாசலில் காத்துக் கிடக்கும் நாயைத் தோட்டங்களில் நாம் கண்டிருக்கிறோம்.

பெருமக்களே! 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானச் சேவை தொடங்கியது. கப்பலில் ஒரு வாரம் கடந்த கடலை, விமானம் சில மணி நேரத்தில் கடக்கிறது. தொலைவு குறைந்திருக்கலாம். சட்டத்தின் எல்லைக்கோடு அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆதலின், குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பாட்டியைக் கேளுங்கள், பள்ளிப் பிள்ளையையும் கேளுங்கள். ஐயம் இருப்பின் தரகரிடம் போகாது தேசியப் பதிவு இலாகா, குடிநுழைவு இலாகா, தொழிற்சங்கக் கிளை ஆகியவற்றை நாடுங்கள். வெற்றுத் தாளில் எக்காலத்தும் கையெழுத்திடாதீர்கள். முதலில் பத்திரம், அடுத்துப் பணம், அதன் பின் பிராணி, கடைசியில் பெட்டி என்னும் வரிசையை மாற்றாதீர்கள்.

போகிறவர் நலமாகப் போய்ச் சேரட்டும். திரும்ப நினைப்பவருக்கு வழி திறந்திருக்கட்டும்.