படர்தாமரையா, கரப்பானா?

(நெய்வேலி நகரியத்தில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் விரிவுரையாளன் தோல் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். நோயைத் தவறாகக் கணித்து மருந்திட்டால் என்ன நேரும் என்பதை வயலிலும் பார்த்தேன். என் உடம்பிலும் பார்த்தேன். அதனால்தான் பேசுகிறேன்.

நெற்பயிர் வெளிறினால் சத்துக் குறைவு என்று யூரியா இடுகிறோம். இலையில் கண் வடிவப் புள்ளிகள் இருப்பதைக் கவனிப்பதில்லை. சில நாள் பயிர் பச்சை கட்டும். பிறகு குலைநோய் வயல் முழுவதும் பரவும். தழைச்சத்து மிகுந்தால் அந்தப் பூசணத்திற்குக் கொண்டாட்டம்.

இதைப் பல ஊர்களில் எடுத்துச் சொன்ன நானே ஒரு நடவுப் பருவத்தில் ஏமாந்தேன். ஈர வேட்டியோடு வேலை செய்ததில் இடுப்பில் ஒரு தடிப்பு வந்தது. "கரப்பான் சார், இதைத் தடவுங்க" என்று மருந்துக் கடையில் ஒரு களிம்பு தந்தார்கள். மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. தடவுவதை நிறுத்தியதும் மீண்டும் வந்தது. மூன்று மாதத்தில் தொடை வரை பரவியது. ஒரே துண்டில் துடைத்துக் கொண்ட என் பிள்ளைக்கும் ஒட்டியது.

தோல் மருத்துவர் படையின் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இட்டு, மைக்ராஸ்கோப்பில் எனக்கே காட்டினார். பயிர் இலைகளில் நான் எத்தனையோ முறை கண்ட அதே பூசண இழைகள்! வெட்கமாக இருந்தது.

களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. அது உடலின் எதிர்ப்பை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் குறையும். பூசணமோ தடையின்றி வளரும். வட்டமும் விளிம்பும் மங்கி, நோய் அடையாளம் தெரியாமல் போகும். 1968ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர்கள் இருவர் இதை 'டீனியா இன்காக்னிட்டோ', அதாவது மாறுவேடப் படர்தாமரை என்று எழுதினர். நம் நாட்டில் பரவியுள்ள ஒரு பூசணத்திற்கு 2020ஆம் ஆண்டில் 'ட்ரைக்கோபைட்டான் இண்டோடீனியே' என்றே பெயரிடப்பட்டது. அதில் பல வகைகள் வழக்கமான டெர்பினாபின் மருந்துக்கு மசிவதில்லை. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

இனி, அடையாளம் காணும் முறை:

1. படர்தாமரை: வட்டமாகப் பரவும். ஓரம் தடித்துச் செதில் விடும், நடுப்பகுதி தெளியும். அரிப்பு மிகுதி.

2. கரப்பான்: பெரும்பாலும் தெளிவான விளிம்பு இராது, நீர் கசியலாம். முந்திரிக் கொட்டை உடைப்போருக்கு ஓட்டு எண்ணெய் பட்டு வரும் கைப்புண் பூசணமன்று.

3. தேமல்: மார்பிலும் முதுகிலும் வெளிறிய புள்ளிகள், சுரண்டினால் மெல்லிய செதில் வரும். இதுவும் பூசணமே. உணர்ச்சி குறையாது.

4. தொழுநோய்: வெளிறிய அல்லது சிவந்த படையில் தொடு உணர்ச்சி குறையும். தேமல் என்று விட்டுவிடவும் வேண்டாம், அஞ்சி மறைக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.

இவை குறிப்புகளே. பூசணமா என்ற ஐயமிருப்பின் சுரண்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

சுரங்கத்தில் பூட்சு அணிவோரும், சேற்றில் நிற்போரும் வேலை முடிந்ததும் விரல் இடுக்கையும் தொடை இடுக்கையும் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். துணிகளை உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் உலர்த்துங்கள். கன்றின் முகத்திலோ கழுத்திலோ வட்டப் படை கண்டால், தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் யார் யாருக்குப் படை உண்டோ அனைவரும் ஒரே சமயத்தில் மருத்துவம் பெறுங்கள். அரிப்பு நின்றாலும், மருத்துவர் சொன்ன நாள் வரை மருந்தை விடாதீர்கள். முன்பு தடவிய களிம்புக் குழலையும் அவரிடம் காட்டுங்கள்.

எனக்கும் என் பிள்ளைக்கும் குணமாகப் பல மாதங்கள் ஆயின. முதல் நாளே காட்டியிருந்தால் சில வாரங்களில் தீர்ந்திருக்கும். பயிரானாலும் உடம்பானாலும், நோய் இன்னதென்று அறிந்த பின்பே மருந்திடுவோம்.