மலைக்கு எடுத்துப் போக எந்த பைனாகுலர்?



நம்மில் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள். கல்வராயன் மலைக்குக் கூட்டிப் போய் நட்சத்திரம் காட்டலாம் என்றிருக்கிறேன். டெலஸ்கோப் வாங்கட்டுமா?" அதையே மேடையில் பேசச் சொல்லிவிட்டார் நம் செயலாளர்.

டெலஸ்கோப் இப்போது வேண்டாம். விலை குறைந்ததில் ஸ்டாண்டு ஆடும். ஒரு நட்சத்திரத்தைப் பிடிப்பதற்குள் பிள்ளை தூங்கிவிடும். பைனாகுலர் அப்படியில்லை. எடுத்தோம், கண்ணில் வைத்தோம், அவ்வளவுதான்.

அதன் மேல் 7×50, 10×50 என்று போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். வானத்துக்கு 7×50தான் சிறந்தது என்று பழைய புத்தகங்கள் சொல்லும். இங்கேதான் நாம் கணக்குப் போட வேண்டும். ஐம்பதை ஏழால் வகுத்தால் சுமார் 7. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இருபது வயதில் இருட்டில் நம் கண் பாப்பா அவ்வளவு விரிந்தது. இப்போது நம்மில் பலருக்கு 5 மில்லிமீட்டர் விரிந்தாலே பெரிசு! மீதி வெளிச்சம் வீண். ஆகவே நமக்கு 10×50. ஐம்பதைப் பத்தால் வகுத்தால் சரியாக 5. இதைவிடப் பெரிதாக 20×80 வாங்கினால் கையில் பிடிக்க முடியாது. 'ஜூம்' வைத்ததும், லென்ஸ் சிவப்பாகப் பளபளப்பதும் வேண்டவே வேண்டாம்.

கடையில் கூச்சப்படாமல் சோதியுங்கள். ஒரு அடி தள்ளிப் பிடித்து வெளிச்சமான சுவரைப் பார்த்தால், கண் வைக்கும் பக்கம் இரண்டு ஒளிப்பொட்டு தெரியும். அவை முழு வட்டமாக இருக்கணும். ஓரம் வெட்டியது போல இருந்தால் பிரிசம் மட்டம். தூரத்து டவர் விளக்கு இரண்டாகத் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்க்கணும்.

மலையில் என்ன தெரியும்? வைணு பாப்பு 1960களில் ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு, ஊர் விளக்கு இல்லாத இருட்டும் அங்கிருந்து தெரியும் தென் வானமும் முக்கியக் காரணங்கள். அங்கே 1972இல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது, 1986இல் 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நம் கல்வராயன் அதற்கும் கொஞ்சம் தெற்கே. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறிவிட்டால், மே மாத நடுவில் இரவு பத்து மணிக்குத் தெற்கே, சிலுவைக் கூட்டத்துக்கு இடப்பக்கம் மேலே பாருங்கள். வெறும் கண்ணுக்கு மங்கலான நட்சத்திரம் ஒன்று இருக்கும். பைனாகுலரில் அது பஞ்சு உருண்டை. ஒமேகா சென்டாரி, பல லட்சம் சூரியன்கள் கூடிய கொத்து. லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை!

டிசம்பரில் போனால் கார்த்திகை. வெறும் கண்ணுக்கு ஆறு என்றால் இதில் டஜன் கணக்கில் தெரியும். கலிலியோ 1610இல் கண்ட வியாழனின் நாலு நிலவுகளும் தெரியும், ஆனால் கை ஆடக் கூடாது. சாய்வு நாற்காலியில் படுத்து, முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றிக்கொள்ளுங்கள். சனியின் வளையம் தெரியாது. பேரனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமாவாசையை ஒட்டிப் போங்கள். செல்போனை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் இருட்டில் சும்மா உட்காருங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள், மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பகலில் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். சூரியன் பக்கம் திருப்பினால் கண் போய்விடும்.