இராக் காவலுக்கு இருவழி வானொலி: வலுவிலும் உயரமே பெரிது
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



படுவான்கரையிலே முன்மாரி வேளாண்மை குடலைப் பருவத்தை அடைந்ததும் யானைக் காவலும் தொடங்கிவிடுகின்றது. பல மாத உழைப்பு ஓரிரவில் மிதிபட்டுப் போவதை நீங்கள் கண்டிருக்கின்றீர்கள். யானை எப்பக்கத்தால் இறங்கியது என்பதை அடுத்த வாடிக்கு உடனே அறிவிக்க இயலாவிடின், விளைவு மாத்திரமன்றி உயிரும் போகக்கூடும். கைத்தொலைபேசி எடுபடாத வட்டைகளிலே வோக்கி டோக்கி எனப்படும் இருவழி வானொலி பெரிதும் உதவும். அதை வாங்க எண்ணுவோர் முதலிற் கேட்பது, “இஃது எத்தனை மைல் பேசும்?” என்பதே.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தூரத்தை நம்பிவிடாதீர்கள். அது இடையிலே தடையெதுவும் இல்லாத உயரமான இடங்களுக்கே பொருந்தும். இவ்வானொலியின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. நிலமோ உருண்டை. ஆகவே தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்திற் பிடித்த கருவியின் அலை, வெறும் சமதரையிலும் ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் அடிவானத்தை எட்டிவிடும். அதே அன்ரனாவை 9 மீற்றருக்கு உயர்த்தினால் அடிவானம் 12 கிலோமீற்றருக்கு அப்பாற் செல்லும். மரச்செறிவும் குளக்கட்டும் குறுக்கிட்டால் இத்தூரங்கள் வெகுவாகக் குறையும்.

வலுக்கூடிய கருவியை வாங்கினாற் போதுமென முன்னர் நானும் எண்ணினேன். ஒரு வட்டைக்கு 2 வாற்றுக் கருவிகளுக்குப் பதிலாக 4 வாற்றுக் கருவிகளை வாங்குமாறு கூறினேன். பணம் செலவாயிற்று, காட்டோரப் பரணிலிருந்தவர் எழுப்பிய குரலோ கீழ்வாடிக்குக் கேட்கவில்லை. அவ்விரவு யானைகள் கதிரை மிதித்துச் சென்றன. தாழ்ந்த தரையிலே தூரத்தை இரட்டிப்பதற்கு வலுவை ஏறக்குறைய 16 மடங்காக்க வேண்டும் என்பதை நான் அப்பொழுது சிந்திக்கவில்லை. வலுவை இரட்டித்தால் தூரம் ஐந்திலொரு பங்கே கூடும். ஆனால் ஒரு பக்கத்து அன்ரனாவின் உயரத்தை நான்கு மடங்காக்கினாலே தூரம் இரட்டிக்கும். பின்னர் கீழ்வாடியின் அன்ரனாவைக் கமுகு மரக் கம்பத்தில் உயர்த்தினோம். குரல் தெளிவாகக் கேட்டது.

ஆகவே தெரிவு செய்யும்பொழுது இவற்றைக் கவனியுங்கள்:

1. வயல்வெளிக்கும் மரங்களிடையேயும் 150 மெகாஹேட்ஸ் அளவிலான வீ.எச்.எப். கருவி பொதுவாக நன்று. 450 மெகாஹேட்ஸ் அளவிலான யூ.எச்.எப். அலைகளை ஈர இலைகள் கூடுதலாக விழுங்கிவிடும். அவை கட்டடங்களுக்குள்ளேயே சிறப்பாகப் பயன்படும்.

2. அன்ரனாவைக் கழற்றி மாற்றக்கூடிய கருவியாக இருத்தல் வேண்டும். குறுகிய இறப்பர் அன்ரனா வசதியானது. ஆயினும் வலுவில் ஒரு பகுதியை வீணாக்கும். 150 மெகாஹேட்ஸில் காலலை நீளம் ஏறத்தாழ 50 சதமமீற்றர். கருவியின் அலைவரிசைக்குப் பொருந்தாத அன்ரனாவைப் பூட்டாதீர்கள். அன்ரனா இல்லாமற் பேசும் பொத்தானை அழுத்தினால் கருவி பழுதாகலாம்.

3. கம்பத்து அன்ரனாவிற்கான கேபிளைக் குறுகியதாகவும் தடித்ததாகவும் தெரியுங்கள். மெல்லிய கேபிள் 30 மீற்றர் நீண்டால், 150 மெகாஹேட்ஸில் வலுவின் முக்காற் பங்களவை அதுவே விழுங்கிவிடும்.

4. பேசும்பொழுது கருவியை நிமிர்த்திப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தாலும், இடுப்பிற் செருகியபடி பேசினாலும் தூரம் குறையும்.

பணம் கொடுக்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி இத்தகைய கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் கமக்காரர் அமைப்பின் பெயரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதி, அனுமதிக்கப்படும் கருவியையும் அலைவரிசையையும் அறிந்த பின்னரே வாங்குங்கள்.

கம்பத்தை மின்சாரக் கம்பிகளுக்கும் யானை வேலிக்கும் அண்மையில் நாட்டாதீர்கள். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலே பிற்பகலில் இடிமின்னல் மிகுதி. இடி முழங்கத் தொடங்குமுன்னரே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி, வாடிக்கு வெளியே போட்டுவிடுங்கள். முழங்கத் தொடங்கிய பின் அதைத் தொடவேண்டாம்.

காவல் தொடங்குமுன் ஒரு பகற்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். ஒருவர் வாடியில் இருக்க, மற்றவர் ஒவ்வொரு பரணாக ஏறிப் பேசிப் பார்க்கட்டும். குரல் எட்டாத இடங்களை வட்டைவிதானையார் ஒரு தாளிற் குறித்துக்கொள்ளட்டும். அவ்விடங்களிலே பரணை உயர்த்துங்கள்; அல்லது நடுவே ஒருவரை வைத்துச் செய்தியைக் கடத்துங்கள். இரவிலே யானை வந்தபின் குறையைக் கண்டு பயனில்லை.

வானொலி யானையை விரட்டும் கருவியன்று. மனிதரை எச்சரிக்கும் கருவியே. செய்தி கிடைத்ததும் யானையின் வழியை விட்டு விலகுங்கள்; வனசீவராசிகள் திணைக்கள அலுவலருக்கு அறிவியுங்கள். விளைவு போயின் மறுபோகம் உண்டு. உயிர் போயின் மீளாது.