வாசலில் ஒரு முறை கேட்டால் போதுமா?

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, என் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட ஒரு விஷயத்தை, அதாவது வீட்டிலோ வெளியூரிலோ இருந்தபடி அலுவலகத்து மென்பொருள்களைக் கையாளுவோருக்கு எவ்வாறு பத்திரமாக வழிவிடுவது என்பதை, உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2021-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி அதிகாலையில், அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைக்கு வேண்டிய எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் குழாய் வழியே கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், பணம் கேட்டு மிரட்டும் செய்தி ஒன்று கணினித் திரையில் தோன்றியது. தீங்கு மேலும் பரவிவிடுமோ என்ற அச்சத்தால் நிறுவனத்தாரே குழாயை நிறுத்தினார்கள். பெட்ரோல் நிலையங்களில் வாகனங்கள் வரிசையில் நின்றன. 44 லட்சம் டாலர் மிரட்டியவர் கைக்குப் போயிற்று. இத்தனைக்கும் காரணமான வழி எது தெரியுமா? எவரும் உபயோகிக்காத, ஆனால் எவரும் மூடாமல் விட்டிருந்த வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழைவதற்கான ஒரு பழைய வி.பி.என். கணக்கு. அதற்கு ஒரு பாஸ்வேர்டே போதுமானதாக இருந்தது. இரண்டாவது சான்று எதையும் அது கேட்கவில்லை. அந்தப் பாஸ்வேர்ட் எளிதில் ஊகிக்கக்கூடியதன்று என்று நிறுவனத்தின் தலைவர் செனட் குழுவின் முன் சாட்சியம் கூறினார். இருக்கலாம், ஆனால் எவ்வளவு கடினமான பாஸ்வேர்டும் களவு போனபின் கள்வனுக்கு எளியதே.

வாசலில் ஒரு முறை விசாரித்து, உள்ளே வந்தவரையெல்லாம் நம்மவர் என்று கொள்ளும் ஏற்பாட்டின் பிழை இது. இதற்கு மாறான சித்தாந்தத்திற்கு 2010-இல் ஜான் கிண்டர்வாக் என்ற ஆராய்ச்சியாளர் ஜீரோ டிரஸ்ட் என்று பெயர் சூட்டினார். எனினும் அதன் வேர் பழையது. ஒவ்வொரு அணுகலும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்பட வேண்டும், எவருக்கும் தம் வேலைக்கு வேண்டிய அளவுக்குமேல் அதிகாரம் கூடாது என்னும் இரு விதிகளையும் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975-லேயே ஒரு கட்டுரையில் வகுத்துவிட்டார்கள். மாணவப் பருவத்தில் நூலகத்தின் மங்கிய பிரதியில் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது, வாழ்நாள் முழுவதும் என்னுடன் வரப்போகும் கட்டுரை அது என்று நான் எண்ணவில்லை.

அந்த விதிகளை நான் முதலில் கண்டது ஏட்டிலன்று, என் தந்தையாரிடம். அவர் ஒரு வங்கிக் கிளையில் லாக்கர் பொறுப்பைக் கவனித்து வந்தார். என் தமக்கையின் கல்யாணத்திற்கு நகை எடுப்பதற்காக என் தாயார் அங்கே சென்றபோது, சிறுவனாகிய நானும் உடன் சென்றிருந்தேன். வீட்டில் அம்மாவை ‘நீ’ என்று அழைக்கும் அப்பா, அன்று நீண்ட ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, “கையெழுத்துப் போடுங்கள் அம்மா, நேரத்தையும் எழுதுங்கள்” என்றார். பிறகு மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டையும் நிதானமாக ஒப்பிட்டார். தம் சாவியைப் போட்டுத் திருகினார். அம்மா தம் சாவியைப் போட்டதும் அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். அம்மாவையே சோதிக்கிறாரே என்று எனக்குக் கோபம் பொங்கிற்று. இரவில் கேட்டேன். “உன் அம்மாவை எனக்குத் தெரியும்; ரிஜிஸ்டருக்குத் தெரியாதே. நாளைக்கு என் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார்” என்றார். சரிபார்த்தல் என்பது சந்தேகமன்று, அறிமுகத்தையும் அந்தஸ்தையும் பாராமல் எல்லோருக்கும் ஒரே நியாயம் வழங்குவது என்ற என் அபிப்பிராயம் அன்று வேரூன்றியது.

ஜீரோ டிரஸ்ட் ஏற்பாட்டில், திருநெல்வேலியில் வீட்டிலிருந்து சம்பளக் கணக்கைத் திறக்கும் ஓர் ஊழியரை, அவர் யார் என்று மட்டும் கேட்பதில்லை. அவர் கையிலிருக்கும் லேப்டாப் நிறுவனத்தில் பதிவானதா, அதன் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டதா, பாதுகாப்புத் திருத்தங்கள் ஏற்றப்பட்டனவா என்றும் பார்த்தபின், அந்த ஒரு மென்பொருளுக்கு, அந்த ஓர் அமர்வுக்கு மட்டும் வழி திறக்கிறது. மற்ற சர்வர்கள் அவர் கண்ணுக்கே புலப்படுவதில்லை. நிலைமை மாறினால் நடுவிலேயே வழி அடைபடும். அலுவலகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே விதிதான். தன்மீது நடந்த தாக்குதலை 2010-இல் வெளியிட்ட கூகுள், பின்னர் பியாண்ட்கார்ப் என்ற பெயரில் தன் ஊழியர்களுக்கு இம்முறையை நிறுவியது. 2020-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், இருக்கும் இடத்தைக் கொண்டோ கருவியின் உடைமையைக் கொண்டோ எவரையும் நம்பிவிடக் கூடாது என்று எழுதியே வைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலிருந்து மேஜைக் கணினிகள் கார்களில் ஏறி வீடுகளுக்குப் போனபோது, இடத்தை நம்பிய ஏற்பாடுகள் எவ்வளவு பலவீனமானவை என்பது நமக்கும் பிரத்தியட்சமாயிற்று.

ஆயினும், சோதனையைப் பெருக்குவதே பாதுகாப்பென்று நினைத்துவிடாதீர்கள். 2022-இல் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கைப்பேசிக்கு அனுமதி கேட்கும் அறிவிப்புகள் ஓயாமல் வந்துகொண்டேயிருக்க, அவர் ஒன்றுக்குச் சம்மதித்துவிட்டார்; பகைவன் உள்ளே வந்துவிட்டான். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இரவும் பகலும் மனிதனை நச்சரிக்கும் ஏற்பாட்டைக் கட்டியவர்களே பொறுப்பாளிகள். இதற்கு மாற்றும் உண்டு: போலித் தளத்தில் தானாகவே இயங்க மறுக்கும் பாதுகாப்புச் சாவிகளை 2017 முதல் கட்டாயமாக்கிய கூகுள், 85,000-க்கு மேற்பட்ட தன் ஊழியர்களில் எவருடைய அலுவலகக் கணக்கும் ஏமாற்று வலையில் விழவில்லை என்று அடுத்த ஆண்டு அறிவித்தது. ஊழியருக்குச் செலவு ஒரு விரல் தொடுகை.

நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்தில் புதிய சாதனம் எதையும் வாங்கச் சொல்வதற்கு முன்னால், பணியை விட்டுச் சென்றவர்களின் பெயர்ப் பட்டியலைச் சம்பளப் பிரிவிலிருந்தும், உயிரோடிருக்கும் லாகின் கணக்குகளின் பட்டியலைக் கணினிப் பிரிவிலிருந்தும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டிலும் இருக்கும் பெயர்களுக்குரிய கணக்குகளை அன்றைக்கே மூடச் சொல்லுங்கள்.