ஆலை வாசலும் ஆன்லைன் வாசலும்

(மதுரை கே.கே. நகரில் ஐ.டி. துறை இளைஞர்களிடையே நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேசப்போகும் விஷயத்தை எடுத்துக் கொடுத்தவர் இந்தக் கே.கே. நகரிலேயே குடியிருக்கும் ஒரு மென்பொருள் ஊழியர். கம்பெனி பெங்களூரில், மாதத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. பத்திரிகைச் சந்தாவுக்காகப் போன நம்மை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நன்றாக வாதாடினார்.

“அண்ணே, சங்கம் என்பது மில்லுக்குச் சரி, பஸ்ஸுக்குச் சரி. எங்கள் துறையில் சிபாரிசு கிடையாது, மேஸ்திரி கிடையாது. ஆன்லைனில் மனுப் போடுகிறோம், ஆன்லைனில் பரீட்சை எழுதுகிறோம், ஆன்லைனிலேயே இண்டர்வியூ முடிகிறது. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கம்ப்யூட்டர் கேட்பதில்லை. திறமை இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. இதற்கு நடுவில் சங்கத்துக்கு என்ன வேலை?” என்று கேட்டார்.

இதை ஏளனம் செய்ய நாம் இங்கே வரவில்லை. இதில் உண்மை உண்டு. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் தகப்பன் கைநாட்டு, மகள் இஞ்சினீயர் என்ற குடும்பங்களை நாம் அறிவோம். எந்தப் பெரிய மனிதர் வீட்டு வாசலிலும் நிற்காமல் அந்தப் பெண் வேலைக்குப் போயிருக்கிறாள். அது சாதாரண விஷயமல்ல. ஆனால் மேஸ்திரி ஒழிந்துவிட்டான் என்கிறாரே, அதைத்தான் சற்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்த நமக்குக் கம்ப்யூட்டருக்குள் நடப்பது தெரியாது. ஆனால் ஆலை வாசலில் ஆள் எடுப்பது எப்படி என்பது மதுரைக்காரனுக்குத் தெரியும். ஹார்வி மில் இருந்த ஊர் இது. அந்தக் காலத்தில் விடியுமுன் சங்கு ஊதும். வேலை நிச்சயமில்லாத பதிலித் தொழிலாளிகள் வாசலில் காத்திருப்பார்கள். உள்ளே யாராவது வரவில்லையென்றால் அந்த இடத்துக்கு ஒருவனைக் கூப்பிடுவார்கள். மற்றவன் வீட்டுக்குத் திரும்புவான். காத்திருந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. யாரைக் கூப்பிடுவது என்பது மேஸ்திரியின் கையில். அவனுக்குப் பணம் கொடுக்க வேண்டும், வேலை கிடைத்த பிறகும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது நாம் சொல்லும் கதையல்ல. பிரிட்டிஷ் சர்க்காரே 1929-இல் அமைத்த விட்லி கமிஷன், 1931-இல் கொடுத்த அறிக்கையில் மேஸ்திரிகளின் லஞ்சத்தைப் பற்றி எழுதி, ஆள் எடுக்கும் அதிகாரத்தை அவர்களிடமிருந்து பிடுங்கச் சொல்லியிருக்கிறது.

இப்போது ஆன்லைன் வாசலுக்கு வருவோம். 2022-இல் இன்போசிஸ் கம்பெனி கல்லூரிகளில் ஆள் எடுத்து ஆஃபர் லெட்டர் கொடுத்தது. அவர்களில் சுமார் 2,000 பேர் இரண்டு வருஷமாக வேலையில் சேர்க்கப்படவில்லை என்று புனேயிலுள்ள ஐ.டி. ஊழியர் சங்கம் 2024-இல் மத்திய தொழிலாளர் மந்திரி இலாகாவிடம் புகார் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் வாசல் திறந்தது. திறந்த வாசலில் நுழைந்தவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள், உள்பரீட்சையில் மூன்று முறையும் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூர் பயிற்சி நிலையத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தோம் என்கிறது நிர்வாகம். இரண்டு வருஷம் காத்திருந்த காலத்துக்குக் கணக்கு என்ன என்று கேட்கிறோம். கல்விக் கடனுக்கு வட்டி நின்றதா? வேறு கம்பெனிக்குப் போனால் இது போய்விடுமே என்று வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு யார் படி அளந்தார்கள்? ஹார்வி மில் பதிலி மாலைக்குள் வீடு திரும்பினான். இந்தப் பதிலிக்கு இரண்டு வருஷமாயிற்று.

மேஸ்திரியின் பணம் வாங்கும் கை போயிற்றா? 2023-இல் டி.சி.எஸ். கம்பெனியில், ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சிகளுக்குச் சலுகை காட்டிய விவகாரம் வெளியே வந்தது. 19 ஊழியர்கள் சம்பந்தப்பட்டிருந்தார்கள், 16 பேரை வேலையை விட்டு அனுப்பினோம், ஆறு ஏஜென்சிகளை விலக்கினோம் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. ஆக, கம்ப்யூட்டர் வந்தும் தரகு போகவில்லை.

அப்படியானால் ஆன்லைன் தளங்கள் யாருக்காக நடக்கின்றன? மனுப் போடுகிறவனுக்கு இலவசம் என்கிறார்கள். இலவசமாகக் கொடுப்பவன் எதை விற்கிறான் என்று பார்க்க வேண்டும். நௌக்ரி போன்ற தளங்களின் வருமானத்தில் பெரும்பகுதி, ரெஸ்யூம்களைத் தேடிப் பார்ப்பதற்காகக் கம்பெனிகள் கட்டும் பணம். கடையிலுள்ள சரக்கு நீங்கள்தான்! 2016-இல் லிங்க்ட்இன் ஸ்தாபனத்தை மைக்ரோசாப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கியதே, எந்த யந்திரத்துக்காக? கோடிக்கணக்கான உழைப்பாளிகள் தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த ஜாதகத்துக்காக.

கம்ப்யூட்டர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை என்றாரல்லவா? அமேசான் கம்பெனி மனுக்களை வடிகட்ட ஒரு கம்ப்யூட்டர் முறையைத் தயாரித்தது. முன்பு யாரை எடுத்தார்கள் என்ற பழைய கணக்கை அதற்குக் கற்றுக் கொடுத்தார்கள். பழைய கணக்கில் பெரும்பாலும் ஆண்கள். ஆகவே, மனுவில் பெண்கள் சங்கம், பெண்கள் கல்லூரி என்று கண்டால் அது மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்த முறையை அவர்கள் கைவிட்ட செய்தி 2018-இல் வெளியாயிற்று. மேஸ்திரியின் புத்தியைக் கற்றுக்கொண்ட யந்திரம் அது. மேஸ்திரியிடமாவது ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று சண்டை போடலாம். யந்திரம் நிராகரித்தால் ‘வருந்துகிறோம்’ என்று ஒரு கடிதம், அதுவும் வந்தால் உண்டு. அமெரிக்காவில் ஒருவர் சும்மா இருக்கவில்லை. வொர்க்டே என்ற கம்பெனியின் வடிகட்டும் முறை வயதானவர்களை ஒதுக்குகிறது என்று 2023-இல் வழக்குப் போட்டார். தம்மைப்போல் பாதிக்கப்பட்ட மற்றவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ள 2025 மே மாதம் கோர்ட் அனுமதித்தது.

சம்பள விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் புதிதாகச் சேரும் இஞ்சினீயருக்குப் பெரிய கம்பெனிகளில் வருஷத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம். இன்றும் பெரும்பாலோருக்கு அதே மூன்று, மூன்றரைதான். இடையில் சென்னையில் வீட்டு வாடகை என்ன ஆயிற்று, ஆம்னி பஸ் டிக்கெட் என்ன ஆயிற்று என்பதை இங்கிருந்து வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் போய்வருகிற உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் காக்னிசன்ட் கம்பெனி 2 லட்சத்து 52 ஆயிரம் என்று விளம்பரம் கொடுத்தபோது நாடெங்கும் கேலியாயிற்று. அது இஞ்சினீயர்களுக்கல்ல, மூன்று வருஷப் பட்டதாரிகளுக்கு என்று கம்பெனி விளக்கம் சொன்னது. பட்டதாரிக்கு வயிறு சிறியதா?

ஏன் சம்பளம் நகரவில்லை? திறமை குறைந்துவிட்டதா? இல்லை. வாசலில் நிற்கும் லட்சம் பேரும் தனித்தனியாக, அவரவர் அறையில், அவரவர் திரைக்கு முன்னால் நிற்கிறார்கள். ஆலை வாசலில் நின்றவன் பக்கத்தில் நிற்பவனின் முகத்தையாவது பார்த்தான்.

முதலாளிகள் மட்டும் தனித்தனியாக நிற்பதில்லை. ஆப்பிள், கூகிள், இன்டெல், அடோபி முதலான கம்பெனிகள், ஒருவர் ஊழியரை மற்றவர் கூப்பிடுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. 2010-இல் அமெரிக்க சர்க்காரின் நீதி இலாகா அதை அம்பலப்படுத்தியது. பிறகு ஊழியர்கள் தொடுத்த வழக்கில் அந்த நான்கு கம்பெனிகளும் சுமார் 64,000 பேருக்காக 41.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. 2015-இல் கோர்ட் அதை அங்கீகரித்தது. போட்டி, திறமை, சுதந்திரச் சந்தை என்று மேடையில் பேசியவர்களின் நடைமுறை இது.

இன்னொரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். நம் ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அழைத்துப் போனவன் கங்காணி. வழிச்செலவு, அரிசி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கூலிகளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பணம் கட்டும். கடன் மட்டும் கூலியின் தலையில் அப்படியே கூடப் போகும். அந்தத் துண்டு முறையை இலங்கையில் 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இன்று கம்பெனி பயிற்சிக்குச் செலவு செய்தோம் என்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போனால் ஒரு லட்சம், இரண்டு லட்சம் கட்டு என்று பாண்டு எழுதி வாங்குகிறது. விடுவிப்புக் கடிதம் இல்லாமல் அடுத்த கம்பெனி சேர்ப்பதில்லை. சில சிறிய கம்பெனிகள் அசல் சர்டிபிகேட்டையே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. துண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? காகிதம் உயர்ந்த ரகம், அவ்வளவுதான்.

பாண்டு செல்லவே செல்லாது என்று சிலர் தைரியம் சொல்கிறார்கள். அதை நம்பிவிடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியின் இரண்டு லட்ச ரூபாய் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, எழுதிய தொகை எவ்வளவாயிருந்தாலும் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும் என்கிறது. உண்மையில் என்ன பயிற்சி கொடுத்தாய், என்ன செலவு செய்தாய் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கங்காணி என்றதும் மியான்மர் ஞாபகம் வருகிறது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று சமூக வலைத்தளத்தில் வரும் விளம்பரத்தை நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். ஐ.டி. படித்த இளைஞர்களைத்தான் குறிவைக்கிறார்கள் என்று வெளிநாட்டு மந்திரி இலாகா 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அகப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. 2025 மார்ச்சில் ராணுவ விமானங்களில் 549 இந்தியர்களை மீட்டு வந்தார்கள். வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும், 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று முதலில் பாருங்கள். ‘டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறோம்’ என்றால் பெட்டி கட்டாதீர்கள்.

சரி, சங்கத்துக்கு இங்கே என்ன வேலை? 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் டி.சி.எஸ். கம்பெனி அனுபவம் மிக்க ஊழியர்களை வெளியேற்றியபோது, சென்னையில் கர்ப்பிணியான ஓர் ஊழியர், நானும் சட்டப்படி தொழிலாளியே என்று ஹைகோர்ட்டுக்குப் போனார். 2015 ஜனவரியில் கோர்ட் இடைக்காலத் தடை விதித்தது. கம்பெனி அவருடைய நீக்க உத்தரவை வாபஸ் வாங்கியது. ஐ.டி. கம்பெனிகளுக்கும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016-இல் தமிழக சர்க்கார் தெளிவுபடுத்தியது. மென்பொருள் ஊழியன் தொழிலாளியா என்ற கேள்விக்கு அன்றே பதில் வந்துவிட்டது. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுத் தொகுப்பு வந்திருக்கிறது. அதைப் பற்றி நமக்குப் பல ஆட்சேபணைகள் உண்டு. ஆனாலும் தொழில்நுட்ப வேலை செய்பவன் தொழிலாளி என்ற வார்த்தை அதிலும் இருக்கிறது. மேனேஜர் என்று பட்டம் சூட்டிவிட்டால் போதாது. அவன் உண்மையில் செய்யும் வேலையைத்தான் கோர்ட் பார்க்கும்.

இந்த இடத்தில்தான் கம்பெனிகளின் தந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வருஷம் சர்வீஸ் முடிந்தவனை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ் வேண்டும். சர்வீஸ் வருஷம் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் சம்பளம் வேண்டும். அவனே ராஜினாமாச் செய்தால் இதில் எதுவும் வேண்டாம்! ஆகவேதான் யாரையும் ‘நீக்குவதில்லை’. ஒரு சிறு அறைக்குள் கூப்பிட்டு, நீயே எழுதிக் கொடு, இல்லாவிட்டால் ரிக்கார்டு கெடும், வேறெங்கும் வேலை கிடைக்காது என்கிறார்கள். பயந்துபோய் கையெழுத்துப் போட்ட அந்தக் கணத்தில் சட்டம் கொடுத்த பாதுகாப்பு போய்விடுகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோதும் ஊழியர் சங்கங்கள் எழுப்பிய முதல் புகார் இந்தக் கட்டாய ராஜினாமாதான். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று பலர் கலங்குகிறீர்கள். அந்தக் குறைப்புக்கு அது காரணமல்ல என்று நிர்வாகமே சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் பூங்காக்கள் ஏற்கெனவே உண்டு. வேலை நம் ஊருக்கே வருவது நல்லதே, வரவேற்கிறோம். சென்னையில் கொடுக்கும் சம்பளத்தை மதுரையில் பாதியாக்க ஊர்ப்பாசத்தைக் காரணம் காட்டுவார்கள். அதை இப்போதே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

வாதாடிய நண்பரும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். நம்முடன் முழுக்க ஒத்துப்போகிறார் என்று சொல்ல மாட்டோம். கேள்விகளைக் கேட்கட்டும். அதற்கு முன் ஒரு வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் மறுபடி கூடுகிறோம். ஆஃபர் லெட்டர் வந்து சேர்க்கப்படாதவர்கள் அந்தக் கடிதத்தின் நகலோடும், கம்பெனியிலிருந்து வந்த மெயில்களின் நகலோடும் வாருங்கள். பாண்டு எழுதிக் கொடுத்தவர்கள் பாண்டு நகலைக் கொண்டு வாருங்கள். நகல் கொடுக்கவில்லையென்றால் கேட்டு மெயில் அனுப்பி, அந்த மெயிலைக் கொண்டு வாருங்கள். சர்டிபிகேட்டைப் பறிகொடுத்தவர்கள் கம்பெனியின் பெயரையும் தேதியையும் எழுதி வாருங்கள். வேலையை விட்டவர்களுக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளம் வர வேண்டுமென்று புதிய ஊதியத் தொகுப்பு சொல்கிறது. வராதவர்கள் பேங்க் கணக்கைக் கொண்டு வாருங்கள். தொழிலாளர் துறைக்கு மனு எழுதத் தெரிந்த வக்கீல் தோழர் ஒருவரும் வருகிறார். டீ செலவு நம்முடையது.