இரண்டு கல்லூரிகளில் எது?



நம் தெருப் பெண் ஒருத்தி இயன்முறை மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் பெற்றிருக்கிறாள். முதுநிலைப் படிப்பிற்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்துள்ளது. ஒன்று பெயர் பெற்றது. ஆனால் கட்டணம் செலுத்தக் காணியை அடகு வைத்தல் வேண்டும். மற்றொன்றைப் பலர் அறியார். ஆயினும் நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை அதற்கு உண்டு. “எதில் சேர்ப்பது, ஐயா?” எனத் தந்தையார் வினவினார்.

இக்கலை ஏட்டினால் மட்டும் வருவதன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் சீர்செய்தார். அவ்விரல்களை மீண்டும் இயங்க வைத்தது நாள்தோறும் தந்த பயிற்சியே. 1954ஆம் ஆண்டு விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவாகவும் காரணமானார்.

ஆகவே நான் கேட்கச் சொன்னவை இவை: மாணவர் நாளொன்றுக்கு எத்தனை நோயாளிகளுக்குத் தம் கையால் சிகிச்சை அளிக்கின்றனர்? நரம்பியலோ எலும்பியலோ, அவள் விரும்பும் பிரிவிற்கு ஆசிரியர் உண்டா? ஈராண்டுக் கட்டணம் முழுவதையும் எழுத்தில் தருவார்களா? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அவ்விடத்திற்குக் கிடைக்குமா? நிர்வாக ஒதுக்கீட்டு இடமெனில் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். பளிங்குத் தரை எனக்குப் பெரிதன்று.

என் மனம் இரண்டாவது கல்லூரியையே நாடுகிறது. எனினும், வரும் திங்களன்று தந்தையும் மகளும் இரண்டையும் நேரில் காணச் செல்கின்றனர். வழிச்செலவைச் சங்கம் ஏற்குமாறு இம்மேடையிலேயே வேண்டுகிறேன்.